மஞ்சள் கயிற்றுப் பெட்டிகள்

"கொலைக் கேஸ் எண்டா மஜிஸ்திரேட்டுக்கும் பிணை குடுக்க ஏலாது, மிஸ். உச்சிப்பகலுக்குள்ள யசோதரனைக் கோர்ட்டுல நிப்பாட்டணும். அதுக்குப் பொறகு மாசக்கணக்குல ரிமாண்ட்தான்."

சார்ஜன்ட் றொகான் இதைச் சொன்னபோது சாருமதி அழவில்லை. என் த்ரீவீலின் பின் சீட்டில், சாரித் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். உடப்பிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்தவள். பொலிஸ் கூண்டுக்குள் இருக்கும் யசோதரன் அவள் புருஷன்.

"அவர் செய்யேல்ல அக்கா," என்றாள் பக்கத்தில் இருந்த மர்ளியா ராத்தாவிடம். "வாய்தான் பெருசு. ஒரு கோழியக்கூட அறுக்கத் தெரியாது."

"கோழி அறுக்கத் தெரியாத ஆம்பிளயக் கட்டினதுக்கே உங்களுக்கு ஒரு மெடல் குடுக்கணும்," என்றேன்.

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன்.

நான் ஆகிப். மாம்புரிச் சந்தியில் த்ரீவீல் ஓட்டுகிறவன். ராத்தா என்றால் எங்களில் அக்கா. மர்ளியா ராத்தாவுக்கு ஏதும் விசாரணை வந்தால் அவருக்குச் சாரதி, துணை, பேச்சு வாங்குகிறவன் எல்லாம் நான்தான். ராத்தா ஒரு காலத்தில் கட்டுநாயக்காவில் பெரிய கார்மென்ட் ஒன்றில் வேலை பார்த்தவர். எந்த மெஷினில் துணி தேங்குகிறது, எந்தக் கை பிந்துகிறது என்று லைன் நெடுகிலும் நின்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. அங்கே பழகின கண்ணை இங்கே கொண்டுவந்து களவு, கொலை என்று பார்க்கிறார். வேலையும் களவும் ஒரே மாதிரித்தானாம். எங்கேயோ ஓர் இடத்தில் தேங்கியே தீருமாம்.

விஷயம் இதுதான். மாம்புரியில் இஸ்ஸதீன் ஹாஜியாரின் இறால் கொம்பனி. ஓர்டர் பிடிப்பது, கொழும்பு ஹோட்டல்களுக்கு அனுப்புவது எல்லாம் றிப்தி. ஹாஜியாரின் மௌத்தாகி மண்ணுக்குள் போன தங்கச்சியின் மகன். அவர் தோளில் போட்டு வளர்த்த பிள்ளை. நேற்று வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு ஆளைக் காணவில்லை. பின்னேரம் லொறிக்குப் பெட்டி ஏற்றும்போது பார்த்தால், கூல் ரூமின் கடைசியில், பெட்டி அடுக்குக்குப் பின்னால் விறைத்துப்போய்க் கிடக்கிறான். தலையில் காயம். ஜும்மா நேரம் கொம்பனியில் நின்ற ஒரே ஆம்பிளை யசோதரன். பெட்டி அடுக்குவது அவன் வேலை. போதாக்குறைக்கு முதல் நாள்தான் றிப்தியும் அவனும் ஊரே கேட்கச் சண்டை பிடித்திருக்கிறார்கள்.

"பொலிஸுக்கு இதவிட என்ன வேணும் ராத்தா? வாழப்பழத்த உரிச்சு வாயில வச்சாச்சு."

"உரிச்சு வச்ச பழத்தத்தான் நான் முதல்ல மணந்து பாக்கிற," என்றார் ராத்தா.

*

கொம்பனிக்குள் நுழைந்தோம். பிரேதப் பரிசோதனைக்குப் போன றிப்தியின் ஜனாஸா இன்னும் புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. ஆனால் இறால் யாருக்காகவும் காத்திருக்குமா? பள்ளிவாசல்துறையில் விடியக் கரைசேர்ந்த இறால் வந்து இறங்கிவிட்டது. பெண்கள் முகத்தைத் தொங்கப் போட்டபடி கழுவினார்கள், தரம் பிரித்தார்கள், ஐஸ் போட்டு நுரை மாதிரியான வெள்ளை ரெஜிபோம் பெட்டிகளில் அடைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நீலக் கயிறு. நாளுக்கொரு நிறம், வியாழன் பச்சை, வெள்ளி மஞ்சள், சனி நீலம். கயிற்றின் முடிச்சு கதவுப் பக்கம் பார்த்து இருந்தால் எந்த நாள் சரக்கு என்று தூரத்திலிருந்தே தெரியும்.

அடைத்த பெட்டிகள் கூல் ரூம் கதவடியில் குவிந்திருந்தன. கதவில் பொலிஸ் சீல்.

"உடைச்சுத் தரவா மிஸ்?" சார்ஜன்ட் கேட்டார். சாருமதியின் முகத்துக்காக இல்லாவிட்டாலும் ராத்தாவின் பேருக்காக எங்களுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்திருந்தார், பாவம்.

"இப்ப வேணாம். குவியட்டும்."

பொதி கட்டும் மேசைக்குத் தலைவி ஜுமானா. என் சாச்சியின் மகள். ராத்தா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"அந்தச் சண்ட என்னத்துக்கு புள்ள?"

"வேற என்னத்துக்கு, இந்தக் கதவுக்குத்தான்! ஓர்டர் எல்லாம் பிந்துது ராத்தா. வாங்குறவன் போன்ல கிழிக்கிறான். றிப்தி ஒவ்வொரு எடத்துலயும் நிண்டு பாத்தான். கழுவுற எடத்துல தேக்கமில்ல, நிறுக்கிற எடத்துல இல்ல, எங்கட மேசையில இல்ல. எல்லாம் வந்து தேங்குறது இங்க. உள்ளுக்கு எடம் போதாது. இருக்கிற எடத்துலயும் பழசு பின்னுக்கு, புதுசு முன்னுக்கு. லொறி வந்தா அத்தனையையும் வெளிய எடுத்துத் தோண்டணும். 'நீ ஒருத்தன்தான்டா எங்கட கழுத்த நெரிக்கிறாய்' எண்டு யசோதரனுக்கு ஏசினான்."

"பழச முன்னுக்கு எடுத்து வச்சா என்ன?"

"அது எல்லாருக்கும் தெரியும். ஹாஜியார் வாய் ஓயாமச் சொல்றதுதானே. ஆனா யார் செய்யிற? இரட்ட வேல. முதல்ல உள்ளதக் கிளப்பி, புதுச உள்ள அனுப்பி, திரும்பப் பழச வைக்கணும். யசோதரன் ஒருநாளும் செஞ்சதில்ல. வந்ததத் தள்ளிட்டு, சரிஞ்சா சரியட்டும் எண்டு பீடி குடிக்கப் போயிருவான்."

"வெள்ளிக்கிழமையில என்ன நடக்கிற?"

"பாங்கு சொன்னா ஆம்பிளயள் பள்ளிக்குப் போயிருவாங்க. நாங்க மேசையில உள்ளத முடிச்சுக் கதவடியில வச்சிட்டு, லுஹர் தொழுது சாப்பிடப் பின்னுக்குப் போயிருவம். யசோதரன் லொறிக்குள்ள ஏறி நித்திர. ஜும்மா முடிஞ்சு வந்தா குவியல் மலையா இருக்கும். பின்னேரம் அசர் தொழுக வரைக்கும் இடிபாடுதான்."

"நேத்தும் அப்படியா?"

ஜுமானா கதவடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள் மெதுவாக. "நேத்து வந்து பாக்கக்க குவியலே இல்ல. எல்லாம் உள்ள போயிருந்திச்சு. யார் செஞ்ச புண்ணியமோ எண்டு சொல்லிக்கிட்டம். லொறி ஏத்தக்கயும் தோண்ட வேண்டி வரல்ல. பச்சக் கயிறு முன்னுக்கே நிண்டிச்சு. அத எடுத்து முடிச்சு மஞ்சளுக்குக் கை வச்சம். ரெண்டு வரிச எடுத்தாப் பொறகுதான்…"

முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ராத்தா என் பக்கம் திரும்பினார். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும்.

"இவ்வளவு காலமும் நான் தேக்கத்தத்தான் தேடினன், ஆகிப். இப்ப தேக்கம் இல்லாததத் தேட வேண்டி வந்திருக்கு. நேத்து இங்க வேல தடையில்லாம ஓடியிருக்கு. அதுதான் குத்தம்."

"புரியல்ல. வேல ஒழுங்கா நடந்தா அது குத்தமா? அப்படியெண்டா அரசாங்க ஒபிஸ்ல ஒருத்தரும் குத்தவாளி இல்ல."

"டேய், யோசி. யசோதரனுக்கு றிப்தி ஏசினது என்னத்துக்கு? பழச முன்னுக்கு வைக்கிறல்ல எண்டு. நேத்து பழசு முன்னுக்கு இருந்திருக்கு. அப்ப நேத்து அடுக்கின கை யசோதரன்ட கையில்ல."

அட, என்று வாயைப் பிளந்தேன். அவனைக் கூண்டில் தள்ளிய அந்தச் சண்டையே அவனை வெளியே எடுக்கப் பார்க்கிறதே!

*

ஹாஜியாரின் மகன் அர்கம், வாசலில் போனோடு நின்றான். கொழும்பில் கணக்குப் படித்தவன். காலில் போட்ட சப்பாத்தில் ஒரு சொட்டு நீர் இல்லை. நான் முன்பே முடிவுகட்டியிருந்தேன். கொலைகாரனுக்கு இதைவிடப் பொருத்தமான முகம் வேண்டுமா?

"நேத்து ஜும்மா எங்க தம்பி?" ராத்தா கேட்டார்.

"மாம்புரிப் பள்ளியில."

"இல்ல," என்றேன். "நான் அங்கதான் தொழுதன். பள்ளிக்கு வெளிய ஒன்ட காரும் இல்ல, நீயும் இல்ல."

அவன் முகம் வெளுத்தது. தலையைக் குனிந்தான். "கடல்கரையில இருந்தன். கூட்டாளிமாரோட. வாப்பாக்குச் சொல்லாதீங்க ராத்தா, கொன்னுருவாரு."

நான் ராத்தாவின் காதில், "பிடிச்சிட்டம். சார்ஜன்டக் கூப்பிடவா?" என்றேன்.

ராத்தா என்னைக் கவனிக்கவே இல்லை. "தம்பி, உள்ள பெட்டி வைக்கக்க எந்த நிறம் முன்னுக்கு வரணும்?"

"நிறமா?" அர்கம் விழித்தான். "அந்தக் கயிறா? பெட்டி திறக்காம இருக்கத்தானே கட்டுற?"

ராத்தா அவனை விட்டுவிட்டு நடந்தார். "அந்தச் சப்பாத்து ஒரு பெட்டியும் தூக்கினதில்ல," என்றார். "ஒன்ட கொலகாரன் போயிட்டான், ஆகிப். வேற ஆளப் பாரு."

எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. என்ன செய்ய, அவர் சொன்னது சரிதானே.

*

சார்ஜன்ட் சீலை உடைத்தார். உள்ளே போகும் முன், ராத்தா ஒரு நீலக் கயிற்றுருண்டையை என்னிடம் தந்து கூல் ரூமின் பக்கச் சுவரை வெளியே முன்மூலையிலிருந்து பின்மூலை வரை அளக்கச் சொன்னார். அளந்து அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். பிறகு அதே கயிற்றை உள்ளே பிடித்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. இந்தக் குளிருக்குள் அவன் எவ்வளவு நேரம் கிடந்தானோ!

முன்சுவரில் நுனியை வைத்துப் பின்சுவர் வரை போனேன். என் கையில் கயிறு மிஞ்சியது. கொஞ்சமில்லை, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவு.

"சுவர் இவ்வளவு தடிப்பா ராத்தா?"

"இல்ல. எடம்தான் களவு போயிருக்கு." ராத்தா பின்சுவரில் விரலால் தட்டினார். வெற்றுத் தகரம் மாதிரி ஒலித்தது. "உள்ள எடம் போதாது எண்டு றிப்தி சொன்னது சரி. ஏன் போதாது எண்டும் அவன் அளந்து பாத்திருப்பான்."

மூலையில் நேற்றுப் பொலிஸ்காரர்கள் அவசரத்தில் இழுத்தெறிந்த மஞ்சள் கயிற்றுப் பெட்டிகள் கிடந்தன. ராத்தா ஒரு பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். இன்னொன்றைப் புரட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கவே கூடாது.

"ஒருத்தரிட்டயும் சொல்லாத," என்றார். பெட்டிகளைப் பழையபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார்.

வெளியே வந்தபோது கதவடிக் குவியல் இன்னும் உயர்ந்திருந்தது. வெயில் கூரையைத் தாண்டி முதல் வரிசைப் பெட்டிகளில் விழத் தொடங்கியிருந்தது. ஐஸ் உருகிச் சீமெந்துத் தரையில் ஓடியது. ஹாஜியார் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, கசங்கிய சாரன், அழுது வீங்கின கண். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"ரூம் திறந்தாச்சு ஹாஜியார். சரக்க உள்ள வைக்கலாம்," என்றார் ராத்தா.

வேலையாட்கள் அசையவில்லை. றிப்தியின் மையித்து கிடந்த இடத்துக்குள் போக யாருக்கு மனம் வரும்? அர்கம் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராத்தா சும்மா நின்றார். சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். உச்சிப்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பில் யசோதரனை ஏற்றியாகிவிட்டது என்று போன் வந்தது. சாருமதி எழும்பி நின்றாள். "அக்கா…" என்றாள். ராத்தா அப்போதும் அசையவில்லை. எனக்கு ஆத்திரமே வந்தது. என்னத்துக்கு இந்த மனுசி மரமாட்டம் நிற்கிறா?

தரையில் ஓடின ஐஸ் தண்ணீர் ஹாஜியாரின் காலைத் தொட்டது.

"நாசமாப் போகப்போகுது," என்று முணுமுணுத்தார். சாரனை மடித்துக் கட்டினார். குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கினார்.

பள்ளிவாசல்துறையில் ஐஸ் சுமந்து வாழ்க்கையைத் தொடங்கிய மனுஷன். அறுபது தாண்டியும் அந்தக் கை மறக்கவில்லை. உள்ளே போனார். மூலையில் கிடந்த மஞ்சள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கதவோரம் ஒதுக்கினார். நீலப் பெட்டிகளைக் கடைசிச் சுவரோடு நிலத்திலிருந்து கூரை வரை அடுக்கினார். முழங்காலால் ஒரு தட்டு, உள்ளங்கையால் ஒரு தட்டு. இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு தாள் நுழையாது. பிறகு மஞ்சளை எடுத்து முன்னால் வைத்தார். முடிச்சு கதவைப் பார்த்து. பழசு முன்னுக்கு.

ராத்தா கதவடிக்குப் போனார்.

"ஹாஜியார்," என்றார் ராத்தா. "நேத்தும் இப்படித்தானே அடுக்கினீங்க?"

தட்டப் போன கை அந்தரத்தில் நின்றது.

"வாப்பா?" என்றான் அர்கம்.

ஹாஜியார் யாரையும் பார்க்கவில்லை. "நேத்து நான் ஜும்மாவுக்குப் புத்தளத்துல…" என்று தொடங்கினார். அடுக்கியிருந்த பெட்டிகளைத் தானே ஒருமுறை பார்த்தார். பேச்சை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

சார்ஜன்ட் நீலப் பெட்டிகளை விலக்கி, பின்சுவர்த் தகட்டைக் கம்பியால் நெம்பினார். பின்னால் ஒளித்த அறை. கறுப்புப் பொலித்தீனில் சுற்றிய இறைச்சிப் பொதிகள். ஒன்றைக் கிழித்ததுமே தெரிந்துவிட்டது. ஆவுளியா. கடல் பசு. அதைப் பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். பிடிபட்டால் கொம்பனியும் போகும், பேரும் போகும்.

"சுவர உடைப்பம் எண்டான்," ஹாஜியார் தரையைப் பார்த்தே பேசினார். "உடைச்சாத்தான் எடம் வரும், ஓர்டர் ஓடும் எண்டான். நான் ஏலா எண்டன். அவனா அளந்து பாத்திட்டான். ஜும்மா நேரம் வாங்க மாமா, ஒருத்தரும் இருக்கமாட்டாங்க எண்டு கூப்பிட்டான். நாலு பேருக்கு முன்னால என்னத் தலகுனிய வைக்க மனமில்லயாம். நாளைக்குள்ள இத அழிக்காட்டி நானே பொலிஸுக்குப் போவன் எண்டு அழுதான். தள்ளினன். அவ்வளவுதான் மர்ளியா. மேச விளிம்புல தல பட்டிச்சு. மூச்சில்ல. அல்லாஹ் மேல சத்தியமா மூச்சில்ல. அதுக்குப் பொறகுதான் பின்னுக்குக் கிடத்திட்டு…"

"பெட்டிய அடுக்கினீங்க."

"வெளிய வெயில்ல நிண்டிச்சே. கெட்டுப்போயிருமே."

இப்படியும் ஒரு மனுஷன்! மருமகன் செத்துக் கிடக்கிறான், இறால் கெட்டுவிடும் என்று கை ஓடியிருக்கிறது. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை.

ராத்தா ஒரு மஞ்சள் கயிற்றுப் பெட்டியை எடுத்தார். முடிச்சுப் பக்கத்தை ஹாஜியாருக்குக் காட்டினார். "இது கதவப் பாத்த பக்கம்." மெதுவாகத் திருப்பினார். "இது அவனப் பாத்த பக்கம்."

வெள்ளை ரெஜிபோமில் நீளம் நீளமாகக் கீறல். பத்து விரலும் தெரிந்தது. சில இடத்தில் காய்ந்த ரத்தம். ஒரு மூலை குடைந்து குடைந்து பிய்ந்திருந்தது.

ஹாஜியார் அதைத் தொட்டுப் பார்த்தார். "இது என்ன?"

தன் விரலை ஒரு கீறலின் மேல் வைத்தார்.

"உசிரோட இருந்தானா?" ராத்தாவைப் பார்த்தார். சார்ஜன்டைப் பார்த்தார். அர்கமைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். "சொல்லு ஆகிப். என்ட புள்ள உசிரோட இருந்தானா?"

வாய்க்காரன் என்று பேர் எடுத்தவன் நான். பெட்டியை ராத்தாவின் கையிலிருந்து வாங்கி, கீறல் தெரியாதபடி திருப்பிக் கீழே வைத்தேன்.

*

யசோதரனைக் கொண்டுபோன ஜீப் நுரைச்சோலையைத் தாண்டு முன்பே றொகானின் போன் போய் அதைத் திருப்பியது. வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி அவனை வெளியே விட்டபோது பின்னேரம் ஆகிவிட்டது. கூண்டுக்குள் ஓர் இரவில் ஆள் பாதியாகிப் போயிருந்தான். சாருமதி அப்போதுதான் அழுதாள். பொலிஸ் வாசலிலேயே குந்தியிருந்து, சத்தம் போட்டு, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அவன் அவள் தலையைத் தொட்டுக்கொண்டே நின்றான்.

அசர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா எடுத்தார்கள். ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கில் மாமன் பிடிக்க வேண்டிய முன்கால் பக்கத்தை அர்கம் பிடித்தான். காலில் சப்பாத்து இல்லை.

யசோதரன் உடப்புக்குப் போகாமல் எங்களோடு வந்து, அடக்கம் செய்யும் மையவாடியின் வேலிக்கு வெளியே நின்றான். "வீட்ட போங்களேன்," என்றேன். "ஒங்களப் படுத்தின பாட்டுக்கு வந்து நிக்கிறீங்களே."

"றிப்தித் தம்பி எனக்கு ஏசினது சரிதான் ஆகிப். நான் ஒழுங்கா அடுக்கினதே இல்ல. நான் அடுக்கினா ஒரு கை பட்டாலே சரிஞ்சு விழும். அதுக்குத்தானே அவன் என்னோட அவ்வளவு சண்டை பிடிச்சவன்."

மண் போடும் சத்தம் கேட்டது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நேத்து அந்தப் பெட்டிய நான் அடுக்கியிருந்தா, தம்பி வெளிய வந்திருப்பான்."